பணம் ஒரு வழி, மின்சாரம் ஒரு வழி: அந்நிய முதலீடும் கார்பன் உமிழ்வும், திருவனந்தபுரத்திலிருந்து ஒரு மறுபார்வை

வளரும் நாடொன்றுக்குள் அந்நிய முதலீடு வந்தால் அந்நாட்டின் கார்பன் உமிழ்வு கூடுமா, குறையுமா? பல பத்தாண்டுகளாகப் பொருளியலாளர்கள் கேட்டுவரும் கேள்வி இது. கூடும் என்பது ஒரு தரப்பு. குறையும் என்பது இன்னொரு தரப்பு. முதலில் கூடும், நாடு வளம்பெற்றபின் குறையும் என்பது மூன்றாவது. மூன்று தரப்புக்கும் சான்றாகப் புள்ளிவிவரங்கள் கிடைக்கின்றன என்பதுதான் சிக்கல். இந்தியாவை மட்டும் எடுத்துக்கொண்டு செய்த ஆய்வுகளே ஒன்றோடொன்று முரண்படுகின்றன. விடைகள் இப்படிச் சிதறும்போது, கேள்வி சரியாகக் கேட்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டியிருக்கிறது.

அதைப் பார்க்கத் திருவனந்தபுரம் நல்ல இடம். கேரளத்தில் நிலக்கரி அனல்மின் நிலையம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் பெரும்பாலான ஆண்டுகளில் மாநிலம் பயன்படுத்தும் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ வெளியிலிருந்து வருகிறது. ஒடிசாவின் தால்ச்சேர், தெலங்கானாவின் ராமகுண்டம், நம் நெய்வேலி என்று அதன் ஊற்றுகள் பல. அவற்றில் பெரும்பகுதி நிலக்கரி. வெளிநாட்டுப் பணமும் இந்த மாநிலத்துக்கு ஏராளமாக வருகிறது, ஆனால் ஆய்வுகள் எதிர்பார்க்கும் வழியில் வருவதில்லை. பணமும் மின்சாரமும் புகையும் தனித்தனி இடங்களில் இருக்கும் இந்த நிலைமையில், பாடநூல் விடைகள் எவ்வளவு தாங்கும் என்பது தெரிந்துவிடும்.

அடைக்கலம் தேடும் ஆலைகள்

முதல் விடைக்கு 'மாசுப் புகலிடக் கருதுகோள்' என்று பெயர். பணக்கார நாடுகள் 1970-களில் சுற்றுச்சூழல் சட்டங்களைக் கடுமையாக்கின. செலவு கூடிய ஆலைகள் சட்டம் தளர்ந்த ஏழை நாடுகளுக்குப் பெயரும் என்ற அச்சம் அப்போது பிறந்தது. வால்ட்டர், உகலோவ் இருவரும் 1979-இல் இதற்கு உருவம் கொடுத்தார்கள். கோப்லண்ட், டெய்லர் இருவரும் 1994-இல் வடக்கு–தெற்கு வணிக மாதிரியாக இதை வடித்தார்கள். சமூகவியலாளர்கள் வேறு பாதையில் இதே முடிவை எட்டினர். கிரைம்ஸ், கெண்டர் இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1980-இல் அந்நிய மூலதனத்தை அதிகம் சார்ந்திருந்த நாடுகளில் 1996 வரையிலான கார்பன் உமிழ்வு வேகமாக வளர்ந்தது.

தமிழ் வாசகருக்கு இந்தக் கருதுகோளை நூலில் தேடவேண்டியதில்லை. அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இயங்கிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு வந்தது. பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்குப் போய், பாதரசக் கழிவு வெளியே தெரியவந்ததும் 2001-இல் மூடப்பட்டது. கழிவு மலையில் தங்கிவிட்டது; உற்பத்தியான வெப்பமானிகள் ஏற்றுமதியாயின. மாசுப் புகலிடம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் அரிது.

ஆனால் பாதரசத்துக்குப் பொருந்துவது கார்பனுக்குப் பொருந்தியாக வேண்டும் என்பதில்லை. பாதரசத்தைத் தடுக்கும் சட்டத்திலிருந்து ஓர் ஆலை தப்பியோடலாம். கார்பனைப் பொறுத்தவரை, தப்பியோடுவதற்கான சட்டமே நெடுங்காலம் பெரும்பாலான நாடுகளில் இருக்கவில்லை. கியோட்டோ உடன்பாடு 1997-இல் ஏற்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உமிழ்வு உரிமச் சந்தை 2005-இல்தான் தொடங்கியது. 1980-க்கும் 2000-க்கும் இடைப்பட்ட தரவை வைத்துக்கொண்டு 'கார்பன் புகலிடம்' என்று பேசும் ஆய்வுகளில் இந்த இடைவெளி கவனிக்கப்படாமலே போகிறது. அந்த ஆண்டுகளில் அந்நிய மூலதனத்தோடு கார்பனும் வளர்ந்திருந்தால் அதற்குக் காரணம் சட்டத்துக்கு அஞ்சிய ஓட்டமாக இருக்க வாய்ப்பு குறைவு. மலிவான நிலக்கரி, மலிவான உழைப்பு, பெருகும் சந்தை ஆகியவையே கூடுதல் பொருத்தமான விளக்கங்கள்.

இன்னொரு பலவீனமும் உண்டு. ஜாஃபேயும் மூவரும் 1995-இல் செய்த மறுஆய்வு, அமெரிக்கச் சூழல் சட்டங்களால் ஆலைகள் பெருமளவில் வெளியேறியதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. ஒரு ஆலையின் மொத்தச் செலவில் மாசுக் கட்டுப்பாட்டுச் செலவு சிறு பகுதிதான்; துறைமுகமும் மின்கட்டணமும் அதைவிடப் பெரியவை. பின்னாளில் லெவின்சன், டெய்லர் போன்றோர் நுட்பமான முறைகளால் இந்த விளைவு இருக்கிறது என்று காட்டினர். இருக்கிறது என்பதை ஏற்கலாம். அதுவே எல்லாவற்றையும் ஆள்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது.

தூய தொழில்நுட்பம் வருமா?

இரண்டாவது விடை இதற்கு நேர் எதிர். அந்நிய நிறுவனம் பணத்தோடு நல்ல இயந்திரத்தையும் கொண்டுவரும், உள்ளூர் நிறுவனங்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்பது வாதம். பேர்ட்ஸால், வீலர் இருவரும் 1993-இல் லத்தீன் அமெரிக்காவை வைத்து இதை முன்வைத்தனர். எஸ்கிலாண்ட், ஹாரிசன் இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஐவரி கோஸ்ட், மெக்சிகோ, மொராக்கோ, வெனிசுவேலா நாட்டு ஆலைகளை ஒப்பிட்டு, அந்நிய உடைமையிலுள்ளவை குறைந்த எரிசக்தியில் இயங்குவதாகவும் ஒப்பளவில் தூய எரிபொருளைப் பயன்படுத்துவதாகவும் கண்டது.

இதற்கும் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கிழக்கே போனால் ஆரல்வாய்மொழிக் கணவாய்; அதைத் தாண்டியதும் முப்பந்தல். டென்மார்க் அரசின் உதவியோடு முப்பந்தலிலும் கயத்தாறிலும் மாதிரிக் காற்றாலைகள் எழுந்தன. மைக்கான், வெஸ்டாஸ் போன்ற டேனிஷ் நிறுவனங்களின் தொழில்நுட்பம் கூட்டு நிறுவனங்கள் வழியாக இங்கே வந்தது. ஆனால் அந்தக் கணவாயைக் காற்றாலைக் காடாக்கிய பணம் பெரும்பாலும் உள்ளூர்ப் பணம். மின்கட்டணத்தாலும் மின்வெட்டாலும் தவித்த தமிழகத்து நூற்பாலைகள், முதல் ஆண்டிலேயே முழுத் தேய்மானத்தையும் கழித்துக்கொள்ளலாம் என்ற வரிச்சலுகையைப் பயன்படுத்திக் காற்றாலை வாங்கின. ஓரிடத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தை இன்னோரிடத்து ஆலைக்குக் கணக்கு வைத்துக்கொள்ள மின்வாரியம் அனுமதித்தது. கம்பிவடமும் இழுத்துத் தந்தது. வெளிநாட்டுத் தொழில்நுட்பம் இல்லாமல் முப்பந்தல் இல்லை. வரிச்சட்டமும் மின்பாதையும் இல்லாதிருந்தால் அந்தத் தொழில்நுட்பம் மாதிரிப் பண்ணையோடு நின்றிருக்கும். இந்த இரண்டாம் பாதியைத் 'தொழில்நுட்பம் தானே பரவும்' என்ற வாதம் விட்டுவிடுகிறது.

வளைகோடும் இந்தியக் கணக்கும்

மூன்றாவது விடை கிராஸ்மன், க்ரூகர் இருவருடையது. வட அமெரிக்கச் சுதந்திர வணிக உடன்பாட்டை ஒட்டி 1991-இல் அவர்கள் எழுதிய ஆய்வு, வணிகமும் முதலீடும் மூன்று வழிகளில் சூழலைத் தொடுகின்றன என்றது: உற்பத்தியின் அளவு, தொழில்களின் கலவை, தொழில்நுட்பம். அளவு மாசைக் கூட்டும்; மற்ற இரண்டும் குறைக்கலாம், கூட்டவும் செய்யலாம். வருமானம் ஏறும்போது மாசு ஏறி, ஓர் உச்சத்துக்குப் பிறகு இறங்கும் என்ற தலைகீழ் 'யு' வளைகோடும் இதையொட்டிப் பிரபலமானது. குஸ்நெட்ஸ் 1955-இல் வருமான ஏற்றத்தாழ்வுக்கு வரைந்த கோட்டின் பெயரையே இதற்கும் சூட்டினார்கள்.

வளைகோடு கந்தகப் புகைக்கு ஓரளவு பொருந்தியது. நகரத்துக் காற்றைக் கெடுப்பதைக் குடிமக்கள் நேரில் உணர்கிறார்கள், எதிர்க்கிறார்கள். கார்பன் கண்ணில் படாதது, உள்ளூரில் உறுத்தாதது. அதற்கு உச்சம் வருமா, எந்த வருமானத்தில் வரும் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. டேவிட் ஸ்டெர்ன் 2004-இல் இந்த வளைகோட்டின் புள்ளியியல் அடித்தளமே ஆட்டம் காண்பது என்று விமர்சித்தார். அந்த விமர்சனத்துக்கு நிறைவான பதில் வந்ததாகச் சொல்லமுடியாது. என்றாலும் அளவு, கலவை, தொழில்நுட்பம் என்ற பிரிப்பு பயனுள்ளது. வளைகோட்டைக் கைவிட்டாலும் அதைக் கைவிடத் தேவையில்லை.

இந்தியாவுக்கான ஆய்வுகளில் இரண்டை அருகருகே வைக்கலாம். ஜாய்ஸ்ரீ ஆச்சார்யா 2009-இல் வெளியிட்ட ஆய்வு, 1980 முதல் 2003 வரை அந்நிய முதலீடு தூண்டிய வளர்ச்சி கார்பன் உமிழ்வைக் கணிசமாகக் கூட்டியதாகச் சொல்கிறது. டீட்ஸன்பாகர், முகோபாத்யாய் இருவரும் 2007-இல் உள்ளீடு–வெளியீடு அட்டவணைகளைக் கொண்டு, 1990-களின் இந்தியா மாசுப் புகலிடம் அல்ல என்ற முடிவுக்கு வந்தனர். இரண்டும் ஒன்றை ஒன்று மறுக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. முதலாவது அளவைப் பார்க்கிறது. இரண்டாவது ஏற்றுமதி, இறக்குமதிப் பொருள்களின் கலவையைப் பார்க்கிறது. ஒரே கேள்விக்கு இரண்டு விடை என்று இவற்றைப் படிப்பதால்தான் குழப்பம்.

எரிசக்தி: கண்டுபிடிப்பா, கூட்டல் கணக்கா?

எரிசக்திக்கும் வளர்ச்சிக்கும் எது முதல் என்ற ஆராய்ச்சி கிராஃப்ட், கிராஃப்ட் இருவரின் 1978 ஆய்விலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவில் வருமானம்தான் எரிசக்திப் பயன்பாட்டை இழுத்தது என்றார்கள். அதன்பின் நாடு மாற்றி, ஆண்டு மாற்றி எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. எல்லாத் திசையிலும் அம்புக்குறிகள் காட்டப்பட்டுவிட்டன. அந்த வரிசையை இங்கே விவரிப்பதில் பயனில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். எரிசக்திப் பயன்பாடு, வருமானம், அந்நிய முதலீடு ஆகியவற்றை ஒரு பக்கத்திலும் கார்பன் உமிழ்வை மறுபக்கத்திலும் வைத்துச் சமன்பாடு போடுவது இத்துறையின் வழக்கமான முறை. எரிசக்தி கூடினால் உமிழ்வு கூடுகிறது என்ற முடிவு ஒவ்வொரு முறையும் பெரும் உறுதியோடு வெளிவரும். ஆனால் ஒரு நாட்டின் கார்பன் உமிழ்வை யாரும் புகைபோக்கிகளில் கருவி பொருத்தி அளப்பதில்லை. எவ்வளவு நிலக்கரி, எவ்வளவு டீசல், எவ்வளவு எரிவாயு எரிந்தது என்ற எரிசக்திக் கணக்கை எடுத்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய குணகத்தால் பெருக்கிக் கூட்டுகிறார்கள். எரிசக்தியிலிருந்து பிறந்த எண்ணை எரிசக்தியே விளக்குகிறது என்று காட்டுவது பெருமளவு வட்டத்தில் சுற்றுவது. இட்கோனன் 2012-இலும், ஜஃபாருல்லா, கிங் இருவரும் 2017-இலும் இதை எடுத்துச் சொன்னார்கள்: எரிசக்தியைச் சமன்பாட்டுக்குள் வைத்தவுடன் மற்ற மாறிகளின் கெழுக்களும் கோணலாகின்றன. அந்நிய முதலீட்டின் கெழு கூட்டல் குறியோடு வந்ததா, கழித்தல் குறியோடு வந்ததா என்று கட்டுரைகள் விவாதிப்பது இந்தக் கோணலான எண்ணைப் பற்றித்தான்.

அந்நிய முதலீடு என்ற மாறியும் சுத்தமானதல்ல. 2019 வரை இந்தியாவின் மாநிலவாரி அந்நிய முதலீட்டுக் கணக்கு ரிசர்வ் வங்கியின் மண்டல அலுவலகவாரியாகவே வெளியானது. தலைமையகம் மும்பையில் இருந்தால் பணம் மும்பைக் கணக்கில். ஆலை எங்கே புகைகிறது என்பது அதில் தெரியாது. மொரீஷியஸ், சிங்கப்பூர் வழியாக வரும் பணத்தின் மூல ஊர் எது என்பதும் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, முதலீடு என்று பதிவாவதில் ஒரு பகுதி புதிய ஆலை அல்ல. இருக்கும் ஆலை கைமாறுவது மட்டுமே.

அலுபுரமும் மதுக்கரையும்

உலகிலேயே அதிக மின்சாரம் தின்னும் தொழில்களில் ஒன்று அலுமினியம் உருக்குதல். இந்தியாவில் அது முதலில் நடந்த இடம் கேரளத்தின் ஏலூர் அருகே உள்ள அலுபுரம், ஆண்டு 1943. கனடாவின் அல்கான் குழுமத்தைச் சேர்ந்த இந்தியன் அலுமினியம் கம்பெனி அதைத் தொடங்கியது. பாக்சைட் அங்கே இல்லை. அலுமினாவும் வெளியிலிருந்துதான் வரவேண்டியிருந்தது. பின் ஏன் அலுபுரம்? திருவிதாங்கூர் அரசு 1940-இல் பள்ளிவாசல் புனல்மின் நிலையத்தை இயக்கிவிட்டு, அந்த மின்சாரத்தை வாங்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. திவான் சி.பி. ராமசாமி ஐயரின் ஆட்சியில் திருவனந்தபுரம் எடுத்த தொழில்மயமாக்கல் முடிவுகளில் இது முக்கியமானது: மலையில் மின்சாரம், ஆற்றங்கரையில் ஆலை, முதலீடு வெளியிலிருந்து.

இதன் கார்பன் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டன் அலுமினியத்துக்கு இன்றைய நிலையில் ஏறக்குறைய 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும். நிலக்கரி மின்சாரம் என்றால் யூனிட்டுக்குச் சுமார் 1 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக டன்னுக்கு 14 டன். அதே ஆலை பள்ளிவாசல் நீரில் ஓடினால் மின்சாரத்தின் பங்கு கிட்டத்தட்டப் பூச்சியம். தொட்டியில் கரிமின்முனை எரிவதால் வரும் ஒன்றரை டன் அளவுதான் மிஞ்சும். உடைமை ஒன்றே, உலோகம் ஒன்றே, தொழில்நுட்பமும் ஏறக்குறைய ஒன்றே. மின்சாரத்தின் ஊற்று மாறினால் உமிழ்வு பத்து மடங்கு மாறுகிறது. கேரளத்தில் மின்தேவை பெருகி, கட்டணம் ஏறி, வறட்சி ஆண்டுகளில் வெட்டும் வந்தபோது அலுபுரம் தளர்ந்தது. அல்கான் 2000-இல் தன் பங்கை ஹிந்தால்கோவுக்கு விற்றது. பின்னர் உருக்குத் தொட்டிகள் நின்றுபோயின. இந்தியாவின் அலுமினியம் இன்று பெரும்பாலும் ஒடிசா, சத்தீஸ்கர், உத்தரப்பிரதேச நிலக்கரியில் உருகுகிறது. கேரளத்தின் கணக்கில் அது உமிழ்வு குறைந்த கதை. நாட்டின் கணக்கில் கூடிய கதை.

பாலக்காட்டுக் கணவாயில் இதற்கு மறுபக்கம் இருக்கிறது. தமிழக எல்லைக்குள் மதுக்கரையில் ஏ.சி.சி. ஆலை, கேரளத்துக்குள் வாளையாரில் மாநில அரசின் மலபார் சிமெண்ட்ஸ். சுவிட்சர்லாந்தின் ஹோல்சிம் 2005-இல் ஏ.சி.சி.யில் நுழைந்தது, 2022-இல் அதானி குழுமத்துக்கு விற்று வெளியேறியது. தேசிய ஏடுகளில் இரண்டும் பெரும் முதலீட்டு நிகழ்வுகள். சூளைக்குள் நடப்பது வேறு. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு பிரிந்தே தீரும்; ஒரு டன் கிளிங்கருக்கு இதனால் மட்டும் அரை டன்னுக்குச் சற்று மேல். உரிமையாளர் சுவிஸ்காரரா, குஜராத்தியா, கேரள அரசா என்பதைக் கல் அறியாது. நல்ல சூளை போட்டு எரிபொருளைக் குறைக்கலாம். சாம்பலும் கசடும் கலந்து கிளிங்கரைக் குறைக்கலாம். அந்நிய நிறுவனங்கள் இதில் சிலவற்றைச் செய்திருக்கின்றன. ஆனால் ஹோல்சிம் வெளியேறிய அன்று அதன் உலகளாவிய உமிழ்வுக் கணக்கு இறங்கியது; இந்தியாவின் வானத்தில் எதுவும் மாறவில்லை.

முதலீட்டின் நாட்டுரிமையைவிட, அது போய்ச் சேரும் தொழிலின் வேதியியலும் அது செருகப்படும் மின்தொகுப்பும் பெரியவை என்று இந்த இரண்டும் காட்டுகின்றன. கழக்கூட்டத்தில் 1990-இல் எழுந்த டெக்னோபார்க்குக்கு வரும் வெளிநாட்டுப் பணத்தை மதுக்கரைக்கு வந்த பணத்தோடு ஒரே நிரலில் கூட்டிவிட்டுச் சராசரி விளைவு என்ன என்று கேட்டால், கிடைக்கும் எண் இரண்டையும் குறிக்காது.

சமன்பாட்டில் இல்லாத பணம்

நாட்டுக்கு வரும் நேரடி முதலீட்டில் கேரளத்தின் பங்கு அண்மை ஆண்டுகளில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆனால் 2023-ஆம் ஆண்டின் கேரளப் புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் வாழும் கேரளத்தவர் சுமார் 22 லட்சம் பேர் என்றும், அவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் ஆண்டுக்குச் சுமார் 2.17 லட்சம் கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. இது முதலீட்டுக் கணக்கில் வராது. ஆலை எதையும் கட்டாது. வீடு கட்டும், கார் வாங்கும், அறைக்கு ஏ.சி. மாட்டும்.

அதன் தடம் மின்தொகுப்பில் தெரிகிறது. கேரளத்தில் விற்பனையாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி வீடுகளுக்குப் போகிறது. 2024 மே மாத வெக்கையில் மாநிலத்தின் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. முன்பெல்லாம் விளக்கேற்றும் மாலை நேரத்தில் வந்த உச்சம் இரவு பத்துமணிக்கு மேல் நகர்ந்தது, படுக்கையறை ஏ.சி.யும் மின்வண்டிச் சார்ஜரும் ஓடும் நேரம் அது. கூரைச் சூரியத் தகடுகள் பகலில் தரும் மின்சாரம் அந்த நேரத்துக்கு உதவாது. இடுக்கியின் 780 மெகாவாட்டும் வெளியிலிருந்து வரும் அனல் மின்சாரமும்தான் தாங்கவேண்டும். திருவனந்தபுரம் பட்டத்திலுள்ள மின்வாரியத் தலைமையகத்தில் இருப்பவர்களுக்கு 'எரிசக்திப் பயன்பாடு' என்பது ஆண்டுச் சராசரியல்ல, அந்த இரவு மணிகள்.

வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு வரும் பணம் கார்பனை எப்படித் தொடுகிறது என்பதில் ஆய்வுகள் குறைவு, முடிவுகளும் கலவையானவை. கேரளத்துக்கு இது முதலீட்டுக் கேள்வியைவிட முதன்மையானது என்பது என் கணிப்பு. இலங்கைக்கும் நேபாளத்துக்கும் இது பொருந்தக்கூடும்.

எல்லைக்கோடு

யாருடைய கணக்கில் எழுதுவது என்ற கேள்வி இங்கே தவிர்க்கமுடியாதது. அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-இல் எழுதிய சிறுநூல், ஏழை நாட்டின் பிழைப்புக்கான உமிழ்வையும் பணக்கார நாட்டின் சொகுசுக்கான உமிழ்வையும் ஒரே தட்டில் நிறுப்பது அநீதி என்றது. இன்றும் இந்தியரின் தலைவீத உமிழ்வு சுமார் 2 டன். உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. பீட்டர்ஸ், ஹெர்ட்விச் இருவரும் 2008-இலும், டேவிஸ், கால்டெய்ரா இருவரும் 2010-இலும் நுகர்வோர் கணக்கு என்ற முறையை வளர்த்தனர்: பொருள் எங்கே செய்யப்பட்டது என்று பாராமல், யார் பயன்படுத்தினார் என்று பார்ப்பது.

நாடுகளுக்கிடையே பேசிய இந்த நியாயத்தை நாட்டுக்குள்ளும் கேட்கவேண்டும். எடமண்–கொச்சி மின்பாதை கூடங்குளத்து மின்சாரத்தைக் கொண்டுவருகிறது. 2021-இல் முடிந்த புகளூர்–திருச்சூர் நேர்மின்னோட்டப் பாதை வழியாகச் சத்தீஸ்கர் நிலக்கரி மின்சாரம் கேரளத்துக்குள் வரமுடிகிறது. சாம்பல் சத்தீஸ்கரின் ராய்கட்டில், குளிர்ச்சி திருவனந்தபுரத்தில். 2040-க்குள் முழுமையாகப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி, 2050-க்குள் கார்பன் சமநிலை என்று கேரள அரசு இலக்கு அறிவித்திருக்கிறது. வாங்கும் மின்சாரத்தைக் கணக்கில் சேர்த்தால் அது கடினமான இலக்கு. சேர்க்காவிட்டால் பொருளற்ற இலக்கு.

தீராதவை

இதுவரை வந்த ஆய்வுகளைக் கொண்டு எச்சரிக்கையோடு சொல்லக்கூடியது இவ்வளவு: அந்நிய முதலீடு உற்பத்தி அளவைக் கூட்டும்போது உமிழ்வும் கூடுகிறது என்பதற்குச் சான்று வலுவாக இருக்கிறது. தொழில்நுட்பத்தால் குறைகிறது என்பதற்கு ஆலை மட்டத்தில் சான்று உண்டு, நாட்டு மட்டத்தில் மெலிவு. சட்டத்துக்கு அஞ்சி ஓடிவருகிறது என்பதற்குக் கார்பன் விஷயத்தில் இதுவரை சான்று குறைவு. அந்தக் கடைசி நிலை மாறலாம். ஐரோப்பிய ஒன்றியம் எல்லையில் கார்பன் வரி வசூலிக்கும் முறையை 2023 அக்டோபரில் அறிக்கையிடும் கட்டமாகத் தொடங்கி, 2026 முதல் கட்டணக் கட்டத்துக்கு நகர்த்தியிருக்கிறது. அலுமினியமும் சிமெண்டும் அதன் பட்டியலில் இருக்கின்றன. எல்லையில் கார்பனுக்கு விலை வந்தபின் ஆலைகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதைச் சோதிக்க இனிமேல்தான் தரவு சேரும்.

திருவனந்தபுரத்தை ஒட்டிய விழிஞ்ஞம் துறைமுகம் இன்னொரு திறந்த கேள்வி. முதல் தாய்க்கப்பல் 2024 ஜூலையில் வந்தது. துறைமுகம் 2025 மே 2 அன்று முறைப்படி திறக்கப்பட்டது. வழியில் கப்பல் மாறவேண்டிய இந்தியச் சரக்கில் பெரும்பகுதி இதுவரை கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கப்பல் மாறியது. இங்கேயே மாறினால் சில பெட்டிகளின் பயணம் சுருங்கும், எண்ணெய் மிச்சமாகும். துறைமுகத்தை ஒட்டி ஆலைகளும் கிடங்குகளும் பெருகினால் கரையில் மின்தேவை ஏறும். இரண்டில் எது பெரியது? கரையில் எரிவதை மாநிலக் கணக்கில் காணலாம். நங்கூரம் எடுத்துச் சர்வதேசப் பாதைக்குப் போகும் கப்பலின் எண்ணெய், இப்போதைய விதிகளின்படி, எந்த நாட்டின் மொத்தத்திலும் சேர்வதில்லை. தனிக்குறிப்பாக மட்டுமே பதிவாகிறது. துறைமுகம் தன்னிடம் வரும் ஒவ்வொரு கப்பலின் எரிபொருள் கணக்கையும், ஒவ்வொரு பெட்டியின் முந்தைய கப்பல்மாற்றுத் துறைமுகத்தையும் சேர்த்து வெளியிட்டால், அடுத்த ஐந்தாண்டுகளில் இதற்கு விடை காணமுடியும்.